"மன்னித்துவிடு" என்று அடுத்தவர் சொல்லலாமா?

அகல்விளக்கு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வெகுநாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போய்விடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா படுத்த படுக்கையாக இருந்த மாதங்களில் என் அண்ணன் அவரிடம் கையெழுத்து வாங்கி வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அப்பாவுக்கு அப்போது எதிரில் நிற்பது யார் என்றே தெரியாது. அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். அடக்கம் முடிந்து சில வாரம் கழித்துத்தான் விஷயம் எனக்குத் தெரிந்தது. ஆறு வருடமாகப் பேச்சில்லை. போன மாதம் ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது அண்ணன் பக்கத்தில் வந்து, "நடந்தது நடந்துபோச்சு, மன்னிச்சிடும்மா" என்றார். எனக்கு வாய் வரவில்லை. வீட்டைப் பற்றி அவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றிலிருந்து சபையில் எல்லோர் கண்ணும் என்மேல்தான். மூப்பர் ஒருவர் வீட்டுக்கே வந்து மத்தேயு 18-ஆம் அதிகாரத்தை வாசித்தார். ஏழெழுபது தரம் மன்னிக்கவேண்டும் என்று இயேசு சொல்லும் இடம். "அவர் கேட்டுவிட்டார், இனிமேல் பாவம் உன் தலையில்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். சபையில் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்தன்று கை நடுங்குகிறது. இரண்டு தடவை பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன்.

அண்ணனை நான் வெறுக்கவில்லை. அவர் பிள்ளைகளுக்காக இன்றைக்கும் ஜெபிக்கிறேன். ஆனால் "மன்னித்துவிட்டேன்" என்று சொல்ல முடியவில்லை, சொன்னால் பொய்யாகிவிடும் போல இருக்கிறது. பிறனை, அதாவது அயலானை, நேசி என்ற கட்டளையை நான் மீறிக்கொண்டிருக்கிறேனா?

இலைநிழல் எழுதியது:

சகோதரி, உங்கள் கை நடுங்குவதை நான் அறிவேன். என் தகப்பன் குடித்துவிட்டு எங்களை அடித்தவர். மன்னிப்புக் கேட்காமலே இறந்துபோனார். அவர் போய் நான்கு வருடம் கழித்து ஒருநாள் ஜெபத்தில், "இதை இனி நான் சுமக்கவில்லை ஆண்டவரே" என்று சொன்னேன். அவ்வளவுதான். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். மாற்கு 11:25-ல், நீங்கள் நின்று ஜெபம்பண்ணும்போது ஒருவன்மேல் ஏதாவது குறை இருந்தால் மன்னியுங்கள் என்றுதான் வருகிறது. அந்த ஆள் வந்து கேட்டானா இல்லையா என்ற பேச்சே அங்கே இல்லை. மன்னிப்பு அவருக்காக இல்லை, உங்களுக்காக. அப்படி நினைத்துப் பாருங்கள்.

ஒலிவக்கிளை எழுதியது:

இலைநிழல் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். "உங்களுக்காக" என்பது மட்டும் எனக்குப் போதவில்லை. நம் மன நிம்மதிக்கு ஒரு மருந்து போல மன்னிப்பை இயேசு கொடுக்கவில்லை. சீஷருக்குக் கற்றுக்கொடுத்த கர்த்தருடைய ஜெபம் முடிந்த கையோடு அவர் சொல்வதைப் பாருங்கள்: "மனுஷருடைய தப்பிதங்களை நீங்கள் மன்னியாதிருந்தால், உங்கள் பிதா உங்கள் தப்பிதங்களையும் மன்னியாதிருப்பார்." அந்த ஜெபம் முழுவதிலும் அவர் திரும்ப எடுத்து விளக்கிய ஒரே வேண்டுதல் இதுதான். விசுவாசத்துக்காகக் கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவான், தன்மேல் கல் விழுந்துகொண்டிருக்கும்போதே, "இவர்கள்மேல் இந்தப் பாவத்தைச் சுமத்தாதிரும்" என்றான். கல்லெறிந்தவர்களில் எவன் மன்னிப்புக் கேட்டான்?

உங்கள் வலியைக் குறைத்துப் பேசவில்லை சகோதரி. ஆனால் இந்த வசனத்தின் கூர்மையை மழுக்கி உங்களுக்கு ஆறுதல் சொன்னால் நான் உங்களை நேசிக்கிறவன் ஆகமாட்டேன்.

கல்தச்சன் எழுதியது:

நான் விசுவாசி இல்லை. இந்த இழையை வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பார்த்தவரை மன்னிக்கச் சொல்லும் குரல் எப்போதும் கீழே இருப்பவரை நோக்கித்தான் வருகிறது. அடித்தவனிடம் போய் யாரும் வசனம் வாசிப்பதில்லை. அந்த மூப்பர் அண்ணன் வீட்டுக்குப் போனாரா? ஆறு வருடத்தில் ஒரு தடவையாவது?

"இன்னா செய்தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயம் செய்து விடல்" என்ற குறளை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதில் 'அவர்நாண' என்ற சொல்லைக் கவனியுங்கள். தீங்கு செய்தவன் நாணவேண்டும். அந்த இடத்தை வள்ளுவர் விட்டுக்கொடுக்கவில்லை. வெட்கமே இல்லாமல் "நடந்தது நடந்துபோச்சு" என்பவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உங்கள் மதத்தில் இதற்குப் பதில் இருந்தால் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

சொல்தேடி எழுதியது:

கல்தச்சன், பதில் இருக்கிறது. அந்த மூப்பர் வாசித்த அதே அதிகாரத்திலேயே இருக்கிறது. அவர் 21-ஆம் வசனத்தில் தொடங்கியிருப்பார் போல. ஆறு வசனம் முன்னால் 15-ல் தொடங்கியிருந்தால், "உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால், அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து" என்று வந்திருக்கும். கேட்கவில்லையென்றால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ, அப்போதும் கேட்கவில்லையென்றால் சபைக்குச் சொல். இவ்வளவுக்கும் பிறகுதான் பேதுரு எழுந்து எத்தனை தரம் என்று கேட்கிறான். குற்றத்தைக் குற்றம் என்று முகத்துக்கு நேராகச் சொன்ன பிறகு வரும் ஏழெழுபது அது. லூக்கா 17:3-லும் இதே வரிசைதான்: கடிந்துகொள், மனஸ்தாபப்பட்டால் மன்னி.

'பிறனை நேசி' என்ற கட்டளையின் வேரும் அப்படித்தான். அது முதலில் வரும் லேவியராகமம் 19:18 எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தின வசனம்: "உன் சகோதரனை உன் உள்ளத்தில் பகையாயாக, பிறன்மேல் பாவம் சுமராதபடி அவனை எப்படியும் கடிந்துகொள்ளவேண்டும்." பகையை உள்ளே வைத்துப் பூட்டாதே, போய்ச் சொல் என்கிறது. சொல்லாமல் விழுங்குவதை அந்த வசனம் அன்பு என்று எண்ணவில்லை.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சுவிசேஷங்களில் மன்னிப்புக்கு வரும் கிரேக்க வினைச்சொல் 'அஃபியேமி'. விட்டுவிடுதல், கைநெகிழ்த்தல் என்று பொருள். சீமோனும் அந்திரேயாவும் வலைகளை விட்டுவிட்டு இயேசுவுக்குப் பின்னே போனார்களே, அங்கேயும் இதே சொல்தான். கடன் தள்ளுபடிக்கும் இதே சொல்தான். ஒரு கடனைத் தள்ளுபடி செய்யவேண்டுமானால் கடன் இருந்தது என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும், எவ்வளவு என்று கணக்கும் வேண்டும். அதனால்தான் ஏழெழுபதுக்கு அடுத்து வரும், ராஜாவிடம் கடன்பட்ட ஊழியக்காரனின் உவமையில் இயேசு தொகையைத் துல்லியமாகச் சொல்கிறார். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரி, ஒரு தெனாரி ஒரு நாள் கூலி. ராஜா விட்டது 10,000 தாலந்து, அதாவது 6 கோடி நாள் கூலி. அந்த ஊழியக்காரன் தன் தோழனிடம் கழுத்தை நெரித்துக் கேட்டது 100 நாள் கூலி. இரண்டுக்கும் 6,00,000 மடங்கு வித்தியாசம். ஆனால் அந்த 100-ம் கடன்தான். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு. அதை ஒன்றுமில்லை என்று இயேசு சொல்லவில்லை.

தமிழில் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. 'பொறு' என்ற ஒரே சொல் சகித்துக்கொள் என்றும் பொருள்படும், மன்னி என்றும் பொருள்படும். கத்தோலிக்கர்களின் பழைய ஜெபத்தில் "பொறுத்தருளும்" என்றே வரும். அழகான சொல்தான். ஆனால் வீட்டிலும் சபையிலும் "பொறுத்துக்கோ" என்று ஒரு பெண்ணிடம் சொல்லும்போது மன்னிக்கச் சொல்கிறார்களா, வாயை மூடிக்கொள்ளச் சொல்கிறார்களா என்பது சொல்கிறவர்களுக்கே தெளிவாக இருப்பதில்லை.

ஒலிவக்கிளை எழுதியது:

சொல்தேடி, 15-ஆம் வசனத்தை நான் விட்டுவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்தேவான் இன்னும் அங்கேயே நிற்கிறான். சிலுவையில் இயேசுவும் அப்படித்தான்.

சொல்தேடி எழுதியது:

ஆம், அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் சிலுவையில் அவர் "நான் உங்களை மன்னித்துவிட்டேன்" என்று போர்ச்சேவகரைப் பார்த்துச் சொல்லவில்லை. "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்கிறார். ஸ்தேவானும் கர்த்தரை நோக்கித்தான் பேசுகிறான். பழிவாங்கும் உரிமையை இருவரும் பிதாவின் கையில் வைத்துவிடுகிறார்கள். அந்தப் பாதி நம்மிடம் எப்போதும் கேட்கப்படுகிறது, எதிராளி கேட்டாலும் கேட்காவிட்டாலும். அகல்விளக்கு அதை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன். ஏமாற்றியவரின் பிள்ளைகளுக்காக ஜெபிக்கிறவர் பழியை இறுகப் பிடித்திருக்கிறார் என்று எப்படிச் சொல்வது?

நடைவழி எழுதியது:

நான் இருபது வருடத்துக்கு மேலாகப் போதகராக இருக்கிறேன். சகோதரி அகல்விளக்கு, உங்கள் வீட்டுக்கு வந்த அந்த மூப்பர் செய்ததை நானும் செய்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை.

அதை இங்கே எழுதுகிறேன். எங்கள் சபையில் கணவனின் அடி தாங்காமல் தாய் வீட்டுக்குப் போன ஒரு பெண்ணிடம் நான் ஏழெழுபது தரம் என்று பிரசங்கம் பண்ணித் திரும்ப அனுப்பினேன். இரண்டு மாதத்தில் கை ஒடிந்து வந்தாள். அதற்குப் பிறகு நல்ல சமாரியன் உவமையை வாசிக்கும்போதெல்லாம் வேறொன்று என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் பாதை, ஏறக்குறைய 1,000 மீட்டர் இறக்கம். அடிபட்டவன் குற்றுயிராய்க் கிடக்கிறான். ஆசாரியன் போகிறான், ஆலய ஊழியனான லேவியன் போகிறான், யூதரோடு பகையுள்ள இனத்தானான சமாரியன் நிற்கிறான். அவன் செய்ததை வரிசையாகப் பாருங்கள். கிட்ட வந்தான், காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்துக்குக் கொண்டுபோனான், இரண்டு நாள் கூலியை எடுத்துக் கொடுத்தான், இன்னும் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றான். அந்த மனிதனைக் குனிந்து பார்த்து, "கள்ளர்களை மன்னித்துவிடு" என்று அவன் சொல்லவே இல்லை.

நானோ எண்ணெயும் கொண்டுபோகவில்லை, துணியும் கொண்டுபோகவில்லை. வசனத்தை மட்டும் கொண்டுபோனேன்.

சமாரியனுக்கு யூதர்மேல் மனக்குறை இல்லாமலா இருந்தது? கெரிசீம் மலையிலிருந்த அவர்கள் ஆலயத்தை இடித்தவர்கள் யூதர்கள். இந்த உவமைக்கு ஓர் அதிகாரம் முன்னால்தான், ஒரு சமாரியக் கிராமம் இயேசுவை ஏற்றுக்கொள்ளவில்லை என்பதற்காக யாக்கோபும் யோவானும் வானத்திலிருந்து அக்கினியை இறக்கலாமா என்று கேட்கிறார்கள். அந்தச் சீஷர்கள் காதில் விழவே இயேசு ஒரு சமாரியனைக் கதாநாயகன் ஆக்குகிறார். கேள்வி கேட்டு இந்த உவமையைச் சொல்லவைத்த நியாயசாஸ்திரிக்கு, அதாவது வேதச் சட்டம் படித்தவனுக்கு, 'சமாரியன்' என்ற பெயரே வாயில் வரவில்லை, "இரக்கம் செய்தவனே" என்று சுற்றிச் சொல்கிறான். எனக்குப் பிறன் யார் என்று அவன் கேட்டான். அடிபட்டவனுக்குப் பிறனாய் இருந்தவன் யார் என்று இயேசு திருப்பிக் கேட்டார். சபை என்ற முறையில் எங்களிடம் அவர் கேட்பதும் அதுதான் என்று நினைக்கிறேன். உங்களுக்கு நாங்கள் முதலில் பிறனாய் இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. ஒரு போதகனாக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை.

அகல்விளக்கு எழுதியது:

ஐயா, இதை வாசித்துவிட்டு வெகுநேரம் அழுதேன். ஆறு வருடத்தில் என்னிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை.

சொல்தேடி, நீங்கள் எழுதிய அந்த முதல் படியை நான் செய்திருக்கிறேன். விஷயம் தெரிந்த வாரத்திலேயே தனியாகப் போய்க் கேட்டேன். "அப்பாவே விருப்பப்பட்டுக் கொடுத்தது" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். அதற்குமேல் போக எனக்குத் தைரியம் இல்லை. எனக்கு வீடுகூடப் பெரிதில்லை. அப்பா விருப்பப்பட்டுக் கொடுத்தார் என்ற அந்தப் பொய்தான் நெஞ்சில் நிற்கிறது. அப்பா என்னை மறந்துவிட்டார் என்று ஆகிறதல்லவா.

முன்னிரவு எழுதியது:

நான் அந்தப் பக்கத்து ஆள். உங்கள் அண்ணன் இருக்கும் பக்கம்.

வேலை பார்த்த இடத்தில், என்னை நம்பியவருடைய பணத்தைப் பல வருடம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். பிடிபட்டேன், சிறைக்குப் போனேன். வெளியே வந்ததும் நேராக அவரிடம் போய் "மன்னிச்சிடுங்க" என்று சொன்னேன். அவர் கேட்டார்: "எதுக்கு?" எனக்குக் கோபம் வந்தது. தெரியாதது போலக் கேட்கிறாரே என்று. ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது, அவர் உண்மையாகவே கேட்டார். எதற்கு என்று நான் என் வாயால் சொல்லவேண்டும் என்று கேட்டார்.

நாம் எல்லோரும் காயப்பட்டவருக்கு வசனம் தேடுகிறோம். காயப்படுத்தியவனுக்கும் வசனம் இருக்கிறது. மத்தேயு 5:23. பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முன்பு அவனோடே ஒப்புரவாகு. நடக்கவேண்டியவன் தப்பு செய்தவன். திருவிருந்திலிருந்து எழுந்து போக வேண்டியவர் நீங்கள் இல்லை அக்கா. வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு வீட்டிலும் பாருங்கள், எதையும் கொடு என்று இயேசு கேட்கவில்லை, அவனாக நின்று நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். மாதாமாதம் நான் கட்டிக்கொண்டு வருகிறேன். நாலு மடங்கு இல்லை, எடுத்ததே இன்னும் முடியவில்லை. அவர் இன்னும் "மன்னித்தேன்" என்று சொல்லவில்லை. சொல்லாமலே போகலாம். கட்டுவதை நிறுத்த மாட்டேன்.

அண்ணன்மார் குழியில் போட்டு விற்றுவிட்ட யோசேப்பின் கதையில் ஓர் இடம் எனக்குத் தூக்கம் கெடுக்கும். அண்ணன்மாரை மன்னித்துக் கட்டிப்பிடித்து அழுத பிறகு 17 வருடம் எகிப்தில் எல்லோரும் சேர்ந்தே வாழ்கிறார்கள். அப்பா யாக்கோபு செத்ததும் அண்ணன்மாருக்குத் திரும்பவும் பயம் வந்துவிடுகிறது, இப்போது பழிவாங்குவானோ என்று. யோசேப்பு அதைக் கேட்டு அழுகிறான். 17 வருடம் சாப்பாடு போட்டிருக்கிறான், இவர்களால் நம்ப முடியவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். அவனைக் குழியில் போட்டதைப் பற்றி அவனிடம் நேருக்கு நேர் அவர்கள் வாய் திறந்ததே இல்லை. அப்பா செத்த பிறகுதான் "நாங்கள் செய்த துரோகம்" என்ற பேச்சு அவர்களிடமிருந்து வருகிறது, அதுவும் ஆள் அனுப்பி, அப்பா சொன்னார் என்று சொல்லி. உங்கள் அண்ணனும் உள்ளே பயத்தில்தான் இருப்பார். இது அவருக்குச் சாதகமாகச் சொல்வதில்லை.

கல்தச்சன் எழுதியது:

முன்னிரவு, உங்கள் பதிவை மூன்று முறை வாசித்தேன். நன்றி.

எனக்கு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. மனதுக்குள் விட்டுவிட்டேன், ஆனால் கணக்கைக் கேட்பேன் என்று இரண்டையும் சேர்த்து ஒருவர் உண்மையில் வாழ முடியுமா? இல்லை, பேச்சுக்குத்தானா?

ஒலிவக்கிளை எழுதியது:

வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். போப் இரண்டாம் ஜான் பால் 1981 மே 13 அன்று சுடப்பட்டார். நான்கு நாள் கழித்து மருத்துவமனையிலிருந்தே, சுட்டவனைச் சகோதரன் என்று அழைத்து மன்னித்துவிட்டேன் என்றார். 1983 டிசம்பர் 27-ல் சிறைக்குள்ளேயே போய் அவனோடு உட்கார்ந்து பேசினார். ஆனால் சுட்ட மெஹ்மெத் அலி அக்ஜா சிறையில்தான் இருந்தான். இத்தாலிய அரசு அவனுக்குப் பொதுமன்னிப்பு கொடுத்தது 2000-ல், போப்பின் விருப்பத்தோடு. 19 வருடம். அந்த 19 வருடத்தில் எந்த நாளிலும் போப்பின் மன்னிப்பு பொய்யாக இருந்தது என்று நான் நினைக்கவில்லை.

நிறவெறி ஆட்சி முடிந்தபின் தென்னாப்பிரிக்கா அமைத்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தையும் பாருங்கள். பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் 1996-ல் விசாரணைகள் தொடங்கின. அரசியல் குற்றம் செய்தவர்கள் முழு உண்மையையும் வெளியே சொன்னால்தான் பொதுமன்னிப்பு. விண்ணப்பித்தவர்கள் 7,112 பேர், கிடைத்தது 849 பேருக்கு. பாதிக்கப்பட்டவர் மன்னித்தே ஆகவேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. உண்மையை மட்டும்தான் கேட்டது. அதிலும் குறை சொல்பவர்கள் உண்டு. தன் பிள்ளையைக் கொன்றவன் வீட்டுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எந்தத் தாய்க்கும் லேசு இல்லை.

சகோதரி அகல்விளக்கு, முதலில் நான் எழுதியதில் அந்த வசனம் சரி, அதை உங்களிடம் முதல் வார்த்தையாகச் சொன்னது சரியில்லை.

சொல்தேடி எழுதியது:

கல்தச்சன் கேட்டதற்கு என் பங்கு. இங்கிலாந்தில் பிற்பாடு ஆயரான ஜோசப் பட்லர் 1726-ல் வெளியிட்ட பிரசங்கங்களில் இரண்டு இதைப் பற்றியவை. அநியாயத்தைப் பார்த்து வரும் மனக்கொதிப்பு கடவுள் நமக்குள் வைத்த ஒன்று, அது தன்னளவில் பாவமில்லை, பழிவாங்கும் அளவுக்கு அதை வளர்ப்பதுதான் பாவம் என்கிறார். தீங்கு செய்தவனையும் அன்பு காட்டத் தகுந்த மனிதனாகவே பார்த்துக்கொண்டிரு என்பதுதான் அவர் கேட்பது. கொதிப்பு முழுவதும் ஆறினால்தான் மன்னித்ததாக அர்த்தம் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு இது பெரிய ஆறுதல்.

அப்புறம் யோவான் 21. பேதுரு இயேசுவை மறுதலித்தது கரிநெருப்பின் பக்கத்தில் குளிர்காய்ந்தபடி. உயிர்த்தெழுந்த இயேசு கரையில் கரிநெருப்புப் போட்டு மீன் வைத்திருக்கிறார். கரிநெருப்புக்கான அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டு இடத்தில் மட்டும்தான் வருகிறது. மூன்று மறுதலிப்புக்கு மூன்று தரம் "என்னை நேசிக்கிறாயா" என்ற கேள்வி. மூன்றாவது தரம் கேட்டபோது பேதுரு துக்கப்பட்டான் என்று எழுதியிருக்கிறது. "மன்னித்தேன்" என்ற வார்த்தை அந்தக் காட்சியில் எங்கேயுமே இல்லை. அந்த நெருப்பின் பக்கத்துக்கே அவனைத் திரும்பக் கொண்டுவந்து, சாப்பாடு கொடுத்து, வலிக்கிற கேள்வியைக் கேட்டு, அதன் பிறகு "என் ஆடுகளை மேய்ப்பாயாக" என்று பொறுப்பையும் கொடுக்கிறார்.

நடைவழி எழுதியது:

சகோதரி, முதல் படியை நீங்கள் ஆறு வருடம் முன்பே செய்துவிட்டீர்கள் என்றால் அடுத்தது 16-ஆம் வசனம். இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போவது. உங்கள் வீட்டுக்கு வந்த அதே மூப்பரைக் கூப்பிட்டுப் பாருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. உங்களுக்கு மனம் இருந்தால் மட்டும். அவர் மறுத்தால் அது அவர் பாடு, உங்கள்மேல் வராது. முடியாது என்று தோன்றினாலும் அவசரம் ஒன்றுமில்லை.

அகல்விளக்கு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாளாக எழுதவில்லை, யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூப்பருக்கு நேற்று போன் செய்தேன். அண்ணன் வீட்டுக்குப் போகவேண்டும், சாட்சியாக நீங்கள் வரவேண்டும் என்று சொல்லி, அப்பாவின் கடைசி மாதங்கள் எப்படி இருந்தன என்பதை முதல் தடவையாக அவரிடம் முழுவதும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. "இதை நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்" என்றார். வருகிறேன் என்றும் சொன்னார்.

சனிக்கிழமை காலை போகிறோம். பேச்சு தடுமாறும் என்பதால் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். வீட்டைத் திருப்பிக் கேட்கவா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை, அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அப்பாவுக்கு அன்று யாரையும் அடையாளம் தெரியவில்லை, அது உனக்கும் தெரியும் அண்ணா என்பதுதான் முதல் வரி.

முன்னிரவு தம்பி, உங்களுக்காகவும் ஜெபிக்கிறேன். அந்தப் பெரியவருக்காகவும்.